புஞ்சைக் காட்டில் மழை ஈரத்தைக் காத்தல்

பல்லடம், காங்கேயம், தாராபுரம் தாலுக்காக்களில் மானாவாரிச் சோளம் பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் பெய்யும் சில மழைகளையே நம்பி நிற்கின்றது. இப்பிரதேசம் மேற்கு மலைகளின் மறைவிலிருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கே சொற்பமே; பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றோ இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகின்றது.

ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் அது ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் ஜலமாகும். பூமி இறுகியிருப்பின் அதில் ஒரு பெரும் பங்கு மேல்மண்ணையும் வாரிக்கொண்டு பள்ளத்திற்குப் போய்விடும். ஆழ்குழாய்க் கிணற்றை மேன்மேலும் ஆழமாக்கப் பணம் செலவிடும் குடியானவர், தம் காட்டிலேயே விழும் இந்த ஜலத்தைத் தடுக்க ஒரு வரப்பும் போடாதிருப்பது விசித்திரமே. 1930-களில் சோலாப்பூர், ஹகரி முதலிய இடங்களில் ஏற்பட்ட புஞ்சை ஆராய்ச்சி நிலையங்கள் வற்புறுத்திய முறைகளுள் வரப்பும் ஒன்று.

கோடை மழையில் சரிவுக்குக் குறுக்கே உழுது, பருவமழைக்கு முன்னரே காட்டை 8 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமுமுள்ள பாத்திகளாகப் பிரித்துவிட வேண்டும். வரப்பு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்தாலும் போதும். கரிசல் மண் ஜலத்தை மெதுவாகவே இழுப்பதால், மழை பாத்தியில் தங்கி ஊறுவதற்கு அவகாசம் வேண்டியிருக்கின்றது. செம்மண்ணில் பார் பிடித்து, சாலின் குறுக்கே இடையிடையே மண்ணணைத்துத் தடுப்பது உசிதம். பனியன் கம்பெனிகளின் கூலியோடு போட்டியிட்டு ஆள் தேடுவது கடினமாதலால், இவ்வேலையை வரப்புப் பிடிக்கும் கருவியைக் கொண்டே முடித்துக்கொள்ளலாம்.

விதைச் சோளத்தை 2 சதவிகித பொட்டாசியம் டை-ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்திற்கு உலர்த்தி விதைத்தால் பயிர் வறட்சியைச் சற்றுத் தாங்கும்.

பயிர் எழுந்தபின் வரிசைகளினிடையே மேலாகக் கிளறி, கரிசலின் வெடிப்புகளை மூடிவிட வேண்டும். அவ்வெடிப்புகளின் வழியே அடிமண்ணின் ஈரமும் வெளியேறுகின்றது. சோளத்தட்டை நிலத்தில் பரப்பும்படி நூல்கள் சொல்லும். காங்கேயம் மாடு வளர்ப்பவர் அதற்கு இணங்கார், இணங்காததும் நியாயமே. பிடுங்கிய களையையே, விதை பிடிக்குமுன், பரப்பிவிடலாம்.

இதில் கிராம அதிகாரிகளுக்கும் பங்குண்டு. மேற்காட்டுக்காரர் வரப்புப் போடாவிடின், கீழ்க்காட்டு வரப்புகள் முதற் பெருமழையிலேயே உடைந்துபோகும். மிகை வெள்ளத்திற்கு வடிகால் எந்த ஓரமாகச் செல்வதென்பதை, இரு தரத்தாரையும் ஆவணி மாதத்திலேயே நேரில் அழைத்துக் குறித்துக்கொள்வது நலம். சர்வே கற்கள் கண்ணுக்குத் தெரியும் காலமும் அதுவே.