இலங்கைத் தீவின் சிறு மீன்கள்: வீட்டுத் தொட்டிக்கு ஏற்றவை எவை?



வீட்டிலே ஒரு மீன்தொட்டி வேண்டுமென்று கேட்காத பிள்ளை அரிது. கடைக்குச் சென்று, கண்ணைக் கவரும் மீன்களை வாங்கி, அன்றைக்கே தொட்டியில் விட்டு, சில நாள்களில் அவை இறந்து மிதப்பதைக் கண்டு வருந்துவதும் பல வீடுகளில் நிகழ்வதே. நாமும் இதற்கு விலக்கல்லோம். எமது வீட்டில் முதன்முதல் விட்ட ஆறு மீன்களும் பத்து நாள்களுள் இறந்தன. "ஒவ்வொரு நாளும் சாப்பாடு போட்டேனே அப்பா, ஏன் செத்தது?" என்று மகள் கேட்டாள். பல்லாண்டு காலம் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிய எமக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர் தேடிக் கற்ற அவ்விடையே இப்பாடமாகும்.

1. முதலில் நீர், பின்னரே மீன்

மீனின் கழிவும், அது உண்ணாது விட்ட உணவும் அழுகும்போது அமோனியா உண்டாகின்றது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொருவகைப் பற்றீரியா அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். இவ்விரு வகையும் வடிகட்டியிலும் பரலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். புதுத்தொட்டியில் இவை இல்லை. மகள் அன்போடு இட்ட உணவின் மிச்சமே அம்மீன்களுக்கு நஞ்சாயிற்று.

ஆதலால், தொட்டியில் நீர் நிரப்பி, வடிகட்டியை இயக்கி, மீனின்றியே நாள்தோறும் சிறிதளவு மீனுணவு இட்டு வருக. கடைகளில் கிடைக்கும் சோதனைப் பொருள்களால் நீரைச் சோதித்து, அமோனியாவும் நைத்திரைற்றும் முதலில் ஏறிப் பின் முற்றாக நீங்கியதை உறுதி செய்த பின்னரே மீன் வாங்குக. குழாய் நீரிலுள்ள குளோரீனும் மீனுக்குத் தீங்கானது. ஒருநாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் அகன்றுவிடும். சில பகுதிகளில் சேர்க்கப்படும் குளோரமீன் அவ்வாறு அகலாது; அதற்கென விற்கப்படும் நீர்மருந்தைச் சேர்த்தல் வேண்டும்.

2. தொட்டியின் அளவு

60 சதமமீற்றர் நீளமும், 30 அகலமும், 30 உயரமும் உடைய தொட்டியைக் கொள்வோம். 60 × 30 × 30 = 54,000 கன சதமமீற்றர்; அதாவது 54 லீற்றர். பரலுக்கும் மேல் இடைவெளிக்கும் கழித்தால் ஏறத்தாழ 45 லீற்றர் நீர் எஞ்சும். நீரும் பரலும் கண்ணாடியும் சேர்ந்து ஓர் ஆளின் நிறை அளவுக்கு வருமாதலால், ஆட்டங்காணும் மேசையில் இதனை வைத்தலாகாது. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் மீனுக்கு ஏற்ற வீடன்று. நீர் குறையக் குறைய நஞ்சு விரைவில் செறியும். வெப்பநிலையும் விரைவில் மாறும்.

3. மீனின் ஊரை அறிதல்

இலங்கையின் தென்மேற்கே, ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் பகுதியை ஈரவலயம் என்பர். அதன் படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்தோம். அங்குள்ள ஓடைகளில் எம்மீன்கள் வாழ்கின்றன என்று நாம் ஒருநாளேனும் வினவியதில்லை. அவற்றுள் ஒன்றை முதன்முதலாகக் கண்டது இலண்டனில் ஒரு கடையிலேதான்!

அதன் பெயர் செரி பார்ப். 1929ஆம் ஆண்டில் பி. ஈ. பி. தெரணியகல என்னும் அறிஞர் இதனை விவரித்து, சிங்கள மக்கள் வழங்கிய 'தித்தெயா' என்னும் பெயரையே அறிவியற் பெயரிலும் சேர்த்தார். களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையுள்ள நிழல் சூழ்ந்த சிற்றோடைகளில், உதிர்ந்த இலைகள் படிந்த ஆழமற்ற நீரில் இது வாழ்கின்றது. ஐந்து சதமமீற்றருக்கு மேல் வளர்வது அரிது. ஆண் செந்நிறம், பெண் மங்கிய கபில நிறம். உணவில் பிடிவாதமில்லை, சாதுவான மீன்.

இதன் ஊரை அறிந்தால் இதன் தேவையும் விளங்கும். நிழலுக்குப் பழகிய மீனைக் கடும் ஒளியில் வெறுந்தொட்டியில் விட்டால் அஞ்சி நிறம் மங்கும். கருநிறப் பரலும், அடர்ந்த செடிகளும், மென்மையான ஒளியும் இருப்பின் செம்மை மிளிரும். கிரிப்டோகொரைன் வெண்டியை என்னும் செடியும் இலங்கைக்கே உரியது. குறைந்த ஒளியில் நன்கு வளரும். கடைகளில் எளிதிற் கிடைக்கும். வெப்பநிலை 23 முதல் 27 பாகை செல்சியசு வரை இருக்கலாம். பண்ணைகளில் பல தலைமுறையாக வளர்க்கப்பட்ட மீன்கள் இலண்டனின் சுண்ணாம்பு மிகுந்த வன்னீரையும் பொறுத்துக்கொள்ளும். ஆண் மூன்று, பெண் ஐந்தாக எட்டு மீன்கள் மேற்சொன்ன தொட்டிக்குப் போதும். நான்கை முதலிலும், இரு வாரங்களின் பின் நான்கையும் விடுக. வாரந்தோறும் நீரில் நாலிலொரு பங்கை மாற்றுக.

4. இன்னொரு சிறு மீன்

மாரி மழைக்குப் பின் வயல் வாய்க்கால்களில், உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு மின்ன நீர்மட்டத்தில் நிற்கும் சிறு மீனைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். நாமும் அதனைப் பிடித்துப் போத்தலில் அடைத்து, மறுநாட் காலை இறந்திருக்கக் கண்டவர்களே. அது பன்சக்ஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தது. நுளம்புக் குடம்பிகளை விரும்பி உண்ணும். இதன் குறுவகை கடைகளில் எப்போதாவது கிடைக்கும். சிறு தொட்டிக்கும் ஏற்றது. ஆயின் துள்ளும் இயல்புடையது, மூடி இன்றியமையாதது.

5. தவிர்க்க வேண்டியவை

கருஞ்செம்மணி பார்ப் என்னும் மீனை, முகம் சிவந்திருப்பதால், சிங்களத்தில் 'வெற்றிலை மென்றவன்' எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். அழகியதே, எனினும் ஆறு சதமமீற்றர் வரை வளர்வதும், ஓடித் திரிவதுமாகையால் 60 சதமமீற்றர்த் தொட்டி அதற்குப் போதாது. ஹல் மரத்தின் பூவை ஒத்ததெனப் பெயர் பெற்ற 'ஹல் மல் தண்டியா'வும், 'மல்புலுத்தா'வும் அழிவை எதிர்நோக்கும் மீன்கள். இவற்றை அழகுக்காக வாங்குதல் தகாது.

இலங்கையின் நன்னீர் மீன்களிற் பாதிக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. காடழிப்பாலும், வியாபாரத்துக்காக அளவின்றிப் பிடித்தமையாலும் செரி பார்ப் மீனே பல ஓடைகளில் அருகிவிட்டது. எனவே கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இவை பண்ணையில் வளர்ந்தவையா, ஓடையிற் பிடிக்கப்பட்டவையா?" என்பதே. இன்னுமொன்று: வளர்க்க இயலாதுபோயின் மீனையோ செடியையோ இந்நாட்டுக் குளங்களில் விடற்க. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே அது குற்றம். கடையிடமோ, மீன் வளர்க்கும் வேறொருவரிடமோ ஒப்படைக்கலாம்.

செரி பார்ப் தான் இட்ட முட்டைகளைத் தானே உண்ணும். ஆயினும் சென்ற கோடையில் எமது தொட்டியின் பாசிக்குள்ளே ஊசிமுனை போன்ற இரண்டு குஞ்சுகள் தப்பியிருந்தன. அவற்றை முதலிற் கண்டவள், அன்று "ஏன் செத்தது?" என்று கேட்ட மகளே.

பயிற்சி

1. 50 சதமமீற்றர் நீளமும், 25 அகலமும், 30 உயரமும் உடைய தொட்டி எத்தனை லீற்றர் நீர் கொள்ளும்?
2. புதுத்தொட்டியில் மீன்கள் இறப்பது ஏன்? ஐந்து வசனங்களில் எழுதுக.
3. உமது பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ சிறுவயதில் கண்ட மீன்களின் பெயர்களைக் கேட்டு, அவை வாழ்ந்த நீர்நிலையையும் சேர்த்து எழுதி வருக.