கட்டுப் போடாதீர்கள், கிளம்புங்கள்: மழைக்காலப் பாம்புக்கடி ஆலோசனை

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் எலி வளைகளிலும் புற்றுகளிலும் தண்ணீர் ஏறும். உள்ளே அடைந்து கிடந்த பாம்புகள் மேடு தேடி வரப்புக்கும் வைக்கோல் போருக்கும் விறகு அடுக்குக்கும் வீட்டுத் தாழ்வாரத்துக்கும் வந்து சேரும். சம்பா வயலில் களை பறிப்பதும் உரம் போடுவதும் இதே நாட்களில்தான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதற்கு முன்பு 2011இல் வெளியான இன்னோர் ஆய்வு, இப்படி இறந்தவர்களில் நூற்றுக்கு 23 பேர்தான் மருத்துவமனையில் இறந்தார்கள் என்று காட்டியது. மற்றவர்கள் வீட்டிலோ வயலிலோ வழியிலோ உயிரை விட்டவர்கள். மருந்து உள்ள ஒரு நோயில் இத்தனை பேர் மருந்தை எட்டாமலேயே போய்விடுகிறார்கள் என்றால், நாம் முதலில் சரிசெய்ய வேண்டியது கடிபட்ட இடத்துக்கும் ஊசி போடும் இடத்துக்கும் நடுவே வீணாகும் நேரத்தைத்தான். இந்த மழைக்காலத்துக்கான ஆலோசனை முழுவதும் அந்த ஒன்றிலிருந்தே பிறக்கிறது: பாம்பு கடித்தால், பயணத்தைத் தாமதப்படுத்தும் எதையும் செய்யாதீர்கள்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விஷமுறிவு மருந்து வேலை செய்யும் விதத்திலிருந்தே புரிந்துகொள்ளலாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து இந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். இதற்கான விஷத்தைப் பல ஆண்டுகளாகத் தந்து வருபவர்களில் முக்கியமானவர்கள், 1978இல் தொடங்கப்பட்டு மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தை இந்த மருந்து பிடித்து முடக்கிவிடும். ஆனால் விஷம் ஏற்கெனவே சிதைத்துவிட்ட நரம்பு நுனியையும் பழுதாக்கிவிட்ட சிறுநீரகத்தையும் அதனால் மீட்டுத் தர முடியாது. முதல் ஒரு மணி நேரத்தில் ஏறும் மருந்து செய்யும் வேலையை ஆறு மணி நேரம் கழித்து ஏறும் அதே மருந்து செய்யாது. தாமதித்து வந்தவருக்கு மூச்சுக்கருவியும் டயாலிசிஸும் தேவைப்படுவது இதனால்தான்.

கடித்ததை அடையாளம் காண்பதிலேயே பலர் தவறுகிறார்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இரண்டின் கடியும் மறைந்திருக்காது: கடுமையான வலி, பரவிக்கொண்டே போகும் வீக்கம், ஈறிலிருந்தும் பழைய காயத்திலிருந்தும் நிற்காமல் கசியும் ரத்தம். கண்ணாடி விரியன் கடியில் சிறுநீர் குறைவதும் நிறம் மாறுவதும் ஆபத்தின் அறிகுறிகள். நல்ல பாம்பு கடித்த இடம் வீங்கும். கூடவே இமைகள் கீழிறங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, மூச்சு திணறும். மிகவும் ஏமாற்றுவது கட்டுவிரியன். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பவருக்குச் சற்று நேரத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை, தொண்டை அடைக்கிறது என்றால், வாயுத்தொல்லை என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. மழைக்காலத்தில் தரையில் தூங்கியவர் எவருக்கு இந்த அறிகுறிகள் வந்தாலும் பாம்புக்கடி என்றே எண்ணிக் கிளம்ப வேண்டும்.

கடித்ததும் செய்ய வேண்டியவை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பாம்பிடமிருந்து விலகுங்கள். மோதிரம், மெட்டி, வளையல், கொலுசு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிய பிறகு அவையே கழுத்தை நெரிப்பதுபோல் விரலை நெரிக்கும். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோல் ஒரு பலகையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். அவரை நடக்க விடாதீர்கள். தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும். 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். பைக் மட்டும்தான் இருக்கிறது என்றால் அவரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். வாந்தி வந்தாலோ எச்சில் ஒழுகினாலோ ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடித்த நேரத்தையும், அறிகுறிகள் ஒவ்வொன்றும் எப்போது தொடங்கின என்பதையும் நினைவில் வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

“விஷம் ஏறாமல் இறுக்கிக் கட்டுவதில் என்ன தவறு?” என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க நியாயமாகத்தான் படும். ஆனால் கயிற்றால் இறுக்கிய கட்டு விஷத்தை நம்பகமாக நிறுத்துவதில்லை, ரத்தத்தைத்தான் நிறுத்துகிறது. விரியன் விஷம் தசையை அரிப்பது. ரத்தம் போகாத காலில் அதை அடைத்துவைத்தால் கால் அழுகி வெட்ட வேண்டிய நிலைகூட வரும். அதைவிட, கட்டுப் போட்டாயிற்று என்ற நிம்மதி பயணத்தைத் தளர்த்திவிடுகிறது. யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்க வேண்டாம். தேங்கிய விஷம் ஒரே வீச்சில் பாயக்கூடும் என்பதால் அதை மருத்துவர் முன்னிலையில் அவிழ்ப்பதே நல்லது. பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது ஆகியவையும் இப்படித்தான்: பயன் இல்லை, புதிய காயமும் நேர விரயமும்தான் மிச்சம்.

“எங்கள் ஊரில் மந்திரித்தே பிழைத்தவர்கள் எத்தனையோ பேர்” என்பது அடுத்த வாதம். பிழைத்தது உண்மையாகவே இருக்கலாம். நம் ஊர்ப் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்பும் சில வேளைகளில் விஷத்தை இறக்காமல் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். அப்படிக் கடிபட்டவர் பச்சிலை அரைத்துக் கொடுத்தாலும் பிழைப்பார், ஒன்றும் கொடுக்காவிட்டாலும் பிழைப்பார். உண்மையிலேயே விஷம் உடலில் ஏறியிருந்தால் அந்தப் பச்சிலையால் எதுவும் செய்ய முடியாது. எந்தக் கடி எது என்று கடித்த முதல் மணி நேரத்தில் எவராலும் சொல்ல முடியாது. மருத்துவமனையில்கூட ஒரு நாள் வரை கவனித்துத்தான் முடிவுசெய்கிறார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் பிரார்த்தனையை வண்டியில் போகும்போதே செய்துகொள்ளலாம்.

பாம்பை அடித்துக் கொண்டுபோனால்தான் சரியான மருந்து கொடுப்பார்கள் என்ற எண்ணமும் தவறு. நான்கு பாம்புக்கும் ஒரே மருந்துதான். விரியன் விஷமா என்பதைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தே மருத்துவர் கண்டுகொள்வார். பாம்பைத் துரத்தினால் இன்னொருவருக்கும் கடி விழும். தூரத்திலிருந்து செல்பேசியில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், அதற்காக நிற்காதீர்கள். விஷமுறிவு மருந்தே சிலருக்கு அரிப்பு, நடுக்கம், ரத்த அழுத்தச் சரிவு ஆகியவற்றைத் தரும் என்ற அச்சத்தில் உண்மை இருக்கிறது. அதனால்தான் அந்த ஊசியை அட்ரினலின் கையில் தயாராக உள்ள மருத்துவமனையில் போட வேண்டும். ஊசியே வேண்டாம் என்பதற்கு அது காரணமாகாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியனுக்கு இந்த மருந்து பயன்படாது என்பதும் உண்மை. அங்கும் சிறுநீரகத்தையும் ரத்தப்போக்கையும் கவனித்து உயிர் காப்பது மருத்துவமனைதான்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எந்த ஊரில் எத்தனை கடி என்று தெரிந்தால் மருந்தை அந்த ஊருக்குப் பக்கத்தில் இருப்பு வைக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் சேரவே கடிபட்டவர் மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும். எனவே மழை வலுப்பதற்குள் செய்ய வேண்டியவற்றை இன்றே செய்யுங்கள். தரையில் படுப்பவர்கள் கட்டிலுக்கு மாறுங்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலையை விரித்து அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் கழிப்பறைக்கும் கொல்லைக்கும் போகாதீர்கள். வயலில் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். வைக்கோலையும் விறகையும் கையால் இழுக்கும் முன் கம்பால் தட்டுங்கள். நெல்மூட்டையைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். மூட்டைகளைப் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி அடுக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் பகலிலேயே ஒருமுறை போய், விஷமுறிவு மருந்து இருப்பில் இருக்கிறதா, இரவில் மருத்துவர் இருப்பாரா என்று கேட்டு வாருங்கள். இரண்டும் உள்ள இடத்தின் பெயரையும் எண்ணையும், நடுராத்திரியில் வண்டி எடுத்து வரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையும் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கடித்த பிறகு அதை விசாரிக்க நேரம் இருக்காது.