எது குறைஞ்ச வட்டி? வரிசைப்படுத்திப் பார்ப்போம்



போன மாதக் கூட்டத்தில், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு உறுப்பினர் கேட்டார்: "ஏனுங்க மேடம், நம்ம குழுவுல ரெண்டு வட்டி. வெளியில ஒன்றரை வட்டிக்குத் தர்றாங்க. அதுதானுங்களே கம்மி?" பாதிப் பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எல்லோரும் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

கடன் 10,000 ரூபாய். 10 மாதத்தில் கட்ட வேண்டும்.

1. குழுக் கடன், 2 வட்டி: மாதம் 1,000 ரூபாய் அசல் கட்டுகிறோம். மீதி நிற்கும் அசலுக்கு மட்டும்தான் வட்டி. முதல் மாதம் 200, அடுத்து 180, கடைசி மாதம் 20. மொத்த வட்டி 1,100 ரூபாய்.

2. வெளிக் கடன், ஒன்றரை வட்டி: அசல் குறைந்தாலும் முழு 10,000 ரூபாய்க்கும் மாதாமாதம் 150 ரூபாய் வட்டி. மொத்தம் 1,500 ரூபாய்.

3. நூறு நாள் தண்டல்: 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய் கட்ட வேண்டும். இதுவும் 1,500தானே என்று நினைக்காதீர்கள். இது நூறே நாளுக்கு. 10 மாதம் ஓட்ட மூன்று முறை வாங்கினால் 4,500 ரூபாய் போய்விடும்.

இப்போது வரிசை: குழு, வெளிக் கடன், தண்டல். சின்ன எண்ணாகத் தெரிந்த ஒன்றரை வட்டி இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது பார்த்தீர்களா?

நினைவில் வையுங்கள்: ஒப்பிடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். கையில் எவ்வளவு வரும்? எத்தனை நாளைக்கு? வட்டி முழு அசலுக்கா, மீதி அசலுக்கா? மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் வரிசைப்படுத்த வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நுண்கடன் தரும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஆண்டு வட்டி எவ்வளவு என்று விவரத்தாளில் எழுதித் தர வேண்டும். கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்குங்கள். கேட்பது நம் உரிமை.

வீட்டுப் பாடம்: ஒரு கம்பெனியில் 8 மணி நேர ஷிப்டுக்கு 480 ரூபாய். இன்னொன்றில் 12 மணி நேரம், ஒன்றரை ஷிப்டுக்கு 600 ரூபாய். மணிக்கு எங்கே கூலி அதிகம்? அடுத்த கூட்டத்துக்கு விடையோடு வாங்க!