படியெண்ணுதலும் கணக்கறிதலும்

ஒன்று முதல் நூறு வரை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் குழந்தைக்குக் கணக்கு வந்துவிட்டதென்பதும், அவ்விதம் ஒப்பிக்க இயலாத குழந்தைக்கு அது ஒருநாளும் வராதென்பதும் கே.ஜி.கண்டிகை போன்ற சிற்றூர்களில் மட்டுமன்றிப் பெருநகரங்களிலும் வேரூன்றிய நம்பிக்கைகள். இரண்டும் பிழை.

இதை விளக்க அருகிலுள்ள திருத்தணிகை மலையே போதும். ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாகக் கருதப்படும் அதன் 365 படிகளில், டிசம்பர் 31ஆம் நாள் திருப்படித் திருவிழாவன்று, படிக்கொரு திருப்புகழாகப் பாடியவண்ணம் அடியார்கள் ஏறுகிறார்கள். ஒரு படியும் விடுபடாமலும், ஒரு படிக்கு இரு பாடல் சேராமலும் அவர்கள் காக்கும் அந்த நியமமே எண்ணுதலின் முதல் தத்துவம். பொருளொன்றுக்குச் சொல்லொன்று என்னும் இதனையும், இறுதியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தின் அளவு என்பதனையும் கெல்மன், காலிஸ்டல் என்னும் உளவியல் அறிஞர் இருவர் 1978இல் வகுத்துரைத்தனர். ஐந்து புளியங்கொட்டைகளைப் பிழையின்றி எண்ணிமுடித்த பிள்ளை, "மொத்தம் எத்தனை?" என்றவுடன் மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்குமாயின், இரண்டாம் தத்துவம் அதன் மனத்தில் இன்னும் படியவில்லை என்பதே பொருள்; நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளைக்கும் இந்நிலை நேரலாம்.

விரல்விட்டு எண்ணுவது மந்தபுத்தியின் லட்சணமென்று குழந்தையின் கையைத் தட்டிவிடும் வழக்கம் என் மனத்தைப் பெரிதும் வருத்துவது. ஜபத்தின் எண்ணிக்கையை விரற்கணுக்களில் வைத்துப் போற்றிய நாட்டில், கண்ணுக்குப் புலனாகாத எண்ணைக் கைக்குப் புலனாக்கும் அந்த இயற்கைச் சாதனத்தைப் பறிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

1960இல் ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்தோடு இணைந்த இத்திருத்தணிகை வட்டாரத்தில், வீட்டில் தெலுங்கில் எண்ணிப் பழகிய பிள்ளை தமிழ் வகுப்பில் தயங்கினால், அத்தயக்கம் சொல்லைப் பற்றியதேயன்றி எண்ணைப் பற்றியதன்று. தமிழே தாய்மொழியான பிள்ளைகளும், நூற்றைத் தன்னுள் வைத்துக்கொண்டு நூற்றுக்கு முன்னரே வந்துநிற்கும் தொண்ணூற்றில் இடறுவதுண்டு.

பார்வையற்ற பிள்ளைக்குக் கணக்கு ஆகாதென்பாரும் உளர். ஆனால் பார்வையற்றோர் தொட்டுக் கணக்கிடும் பலகையான டெய்லர் சட்டகத்தின் எண்கோணக் குழிகளில் அச்சைத் திசைமாற்றிச் செருகினால் எண் மாறும். விரல் அதைப் படித்துவிடும். டிஸ்கால்குலியா என்னும் கணக்குக் கற்றல் குறைபாடும் சோம்பலன்று, அறிவின்மையுமன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைக் குறித்துள்ளது.

திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், வகுப்பை நோக்காது பிள்ளை எட்டிய நிலையை நோக்கி, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையை அரும்பில் அமர்த்துவது அவமானமென்று நினைக்கும் பெற்றோர், இன்றிரவே ஐந்து புளியங்கொட்டைகளை அதன் முன் வைத்து எத்தனை என்று கேட்கட்டும்; அது விரலை மடக்கினால் தடுக்காமல், மீண்டும் எண்ணினால் அவசரப்படுத்தாமல், அருகே அமர்ந்திருக்கட்டும்.