திராட்சைத் தோட்டத்து ஓரத்தில் வண்டியை நிறுத்துமுன்

வண்டியோடு போய் வெட்டவெளியில் தங்குவது மதுரைக்காரர்களுக்குப் புதிதில்லை. சித்திரைத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரக் கிராம ஜனங்கள் மாட்டுவண்டி கட்டி வருவார்கள். வைகை மணலில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, அங்கேயே கல்கூட்டிச் சமைத்து, வண்டிக்கடியில் படுத்துறங்கி, அழகர் ஆற்றில் இறங்குவதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். எங்கள் கோரிப்பாளையத்துப் பெரியவர்கள் இதை இன்றைக்கும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் பரோசா, ஹன்டர் பள்ளத்தாக்குகளில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கேரவனை நிறுத்தி நாள்கணக்கில் தங்குகிறார்கள் என்று அங்கே குடியேறிய உறவினர்கள் சொன்னபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது கம்பம் பள்ளத்தாக்குதான். திராட்சை இருக்கிறது, மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது. நம் வாசலிலிருந்து 115 கிலோமீட்டர் சொச்சம்.

எங்களிடம் இருப்பது ஒரு ஈகோ வேன். பின் இருக்கையை மடக்கிப் பலகை போட்டால் இரண்டு பேர் படுக்கலாம், மற்றவர்களுக்குக் கூடாரம். சில ஆண்டுகளாக இப்படிக் குடும்பத்தோடு போய்வருவதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இயற்கையோடு தங்க வேண்டும் என்றால் காட்டுக்குள் போய்த்தான் தங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் அது கூடவே கூடாது. தங்க வேண்டிய இடம் தோட்டம். ஒரு விவசாயியிடம் கேட்டு, அவர் காட்டும் இடம்.

காரணம் இருக்கிறது. மேகமலைக் காடு 2021-இலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். சின்னமனூரிலிருந்து மேலே ஏறும் சாலையில் வனத்துறைச் சோதனைச்சாவடி உண்டு, இரவில் வண்டி விடமாட்டார்கள். 2018 மார்ச் 11-இல் போடி பக்கம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டு, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. மலையில் நடக்க ஆசை இருப்பவர்கள் வனத்துறையே நடத்தும் 'ட்ரெக் தமிழ்நாடு' வழியாகப் பதிவு செய்து, வழிகாட்டியோடு பகலில் போய்வரலாம். ராத்திரிக்குக் கீழே இறங்கிவிட வேண்டும்.

கீழேயும் எல்லா இடமும் ஒன்றல்ல. 2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகரத் தெருக்களிலேயே நடந்தது. ஊரில் தடையுத்தரவு போட்டார்கள். அது தாக்கியதில் ஒருவர் இறந்தார். ஜூன் 5-ஆம் தேதி சின்ன ஓவுலாபுரம் பக்கத்தில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த யானை திரிந்தது திராட்சையும் வாழையும் விளைகிற அடிவாரத்தில்தான். ஆகவே தோட்டக்காரரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டா?" என்பதே. உண்டு என்றாலோ, பதில் சொல்ல அவர் கொஞ்சம் யோசித்தாலோ, பகல் முழுக்கத் தோட்டத்தில் இருந்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் வந்து வண்டியை நிறுத்திவிடுவோம். சுருளிப்பட்டி, லோயர் கேம்ப் பக்கத் தோட்டங்களில் இதற்கு மாற்றுப் பேச்சே வைத்துக்கொள்வதில்லை. சூரிய மின்வேலி போட்ட வயல்களும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு முதலிலேயே வேலியைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் வழியாக மதுரை வட்டாரத்துக்குத் திராட்சை வந்தது என்று தோட்டக்கலை நூல்கள் சொல்கின்றன. 1832 என்று ஆண்டும் குறிக்கிறார்கள். பன்னீர் திராட்சை என்று நாம் வாங்கிச் சாப்பிடுவது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓடைப்பட்டிப் பக்கம் விதையில்லாத் திராட்சை. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நாசிக்கிலும் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் முக்கியமாக ஒயினுக்காகப் போகிறார்கள். இங்கே விளைவது பெரும்பாலும் சாப்பிடுகிற பழம். அதனால் இந்தத் தோட்டங்கள் சுற்றுலாவுக்காக அலங்கரித்து வைத்தவை கிடையாது. அன்றாடம் வேலை நடக்கிற இடங்கள். எனக்கு அவற்றைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

வெளிநாட்டில் கொடியை வரிசை வரிசையாக வேலிபோல் நிறுத்துகிறார்கள். இங்கே தலைக்கு மேலே பந்தல். கல்தூண்கள் நட்டு, அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, அதன் மேல் கொடியை ஓடவிடுகிறார்கள். உச்சி வெயிலில் அதன் கீழே போய் நின்றால் இலைகளினூடே இறங்குகிற பச்சை வெளிச்சமும், தலையை உரசுகிற கொத்துகளும், ஈரமண் வாசமும் ஆளைக் கட்டிப்போட்டுவிடும். அந்த மயக்கத்தில் கொசுவலையையோ ஊஞ்சல் கயிற்றையோ கம்பியில் கட்டிவிடாதீர்கள். அந்தக் கம்பி தாங்குவது ஒரு போகத்தின் மொத்த எடையை. ஓர் இடத்தில் தளர்ந்தால் பக்கத்துத் தூண்களும் சாயும். பிள்ளைகள் தொங்கக் கூடாது. வேனைப் பந்தலுக்குக் கீழே ஓட்டவும் கூடாது. மோட்டார் ரூம் பக்கத்துக் களமோ, தோட்டத்து வாசலோ போதும்.

போகும் நாளைத் தோட்டக்காரரின் வேலையைப் பார்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். கவாத்து செய்து, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிட்டு, ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் வெட்டுக்கு வரும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு நேரம் கவாத்து என்பதால் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க எங்காவது வெட்டு நடந்துகொண்டே இருக்கும். ஆனால் நீங்கள் போகிற தோட்டத்தில் அன்றைக்குப் பழம் இருக்குமா, வெறும் குச்சியா என்பது கேட்டால்தான் தெரியும். கவாத்து முடிந்த தோட்டம் மொட்டையாக நிற்கும்.

இன்னொன்று மருந்தடிப்பு. மழை பெய்தால், மூட்டம் போட்டால், அடிச்சாம்பல் நோய் வந்துவிடும் என்று உடனே மருந்து அடிப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையும் உண்டு, கடை மருந்துகளும் உண்டு. அடித்த அன்று பந்தலுக்குள் போகக் கூடாது, காற்று வீசும் திசையில் அடுப்பு மூட்டக் கூடாது. தோட்டத்தில் கிடக்கும் டிரம்மில் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் மொண்டு குடிக்காதீர்கள், அது மருந்து கரைத்த டிரம்மாக இருக்கலாம். முந்தின நாள் மாலை போன் போட்டு, "நாளைக்கு மருந்து அடிக்கிறீங்களா அண்ணே?" என்று கேட்டுவிடுவது எங்கள் பழக்கம். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க தம்பி" என்றால் அப்படியே செய்வோம். அவருக்கும் சங்கடமில்லை, நமக்கும் கேடில்லை.

செருப்பைக் கழுவும் பழக்கத்தை ஆஸ்திரேலியாவிலிருந்து எடுத்துக்கொண்டேன். அங்கே கொடியின் வேரைத் தின்று தோட்டத்தையே அழிக்கும் ஃபிலோக்செரா என்ற பூச்சிக்குப் பயந்து, கேட்காமல் கொடிகளுக்குள் நுழையாதே என்று பலகை வைத்திருப்பார்கள். பூச்சி செருப்பு மண்ணிலும் டயர் மண்ணிலும் ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகும். தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் அது இன்னும் நுழையவில்லை. பரோசாவில் 1843-இல் நட்ட கொடிகள் இன்றும் காய்க்கின்றன. நம் பக்கம் நோய்கள் வேறு. ஆனாலும் ஒரு தோட்டத்து மண்ணை இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லதுதானே? தோட்டம் மாறும்போது செருப்பையும் டயரையும் கழுவிவிடுகிறோம். ஒரு பெரியவர் இதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே தன் களத்தைக் காட்டி, "இங்கேயே நிறுத்திக்கங்க" என்றார்.

தங்க நல்ல காலம் தை, மாசி. காற்று அடங்கியிருக்கும், இரவு லேசாகக் குளிரும். ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று கூடாரத்தை நிற்கவிடாது. ஆண்டிபட்டி, தேனிப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதைப் பார்த்தாலே விளங்கும். அந்த மாதங்களில் போனால் தார்ப்பாய் கட்டாமல், வண்டியின் முகத்தை மேற்கே வைத்து, உள்ளேயே படுக்க வேண்டும். கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் கம்பம் சாலை நிறைந்திருக்கும். கம்பம்மெட்டு வழியே போய்க் குமுளி வழியே திரும்பும் ஒருவழிப் பாதை ஏற்பாடும் வரும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நாட்களில் தேனிக்கும் சின்னமனூருக்கும் இடையே மெதுவாகத்தான் நகர முடியும். திருவிழாவைப் பார்ப்பதென்றால் போங்கள், அமைதி வேண்டுமென்றால் தள்ளிப்போடுங்கள்.

நெருப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டுச் சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள். ஐந்து கிலோ சின்னச் சிலிண்டர் போதும். சமையல் வண்டிக்கு வெளியே, காய்ந்த சருகு இல்லாத மண்தரையில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு. மாசி பிறந்துவிட்டால் விறகு நெருப்பே வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்குவது எமனைக் கூப்பிடுவது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. நாங்கள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, கொசுவலை ஒட்டி, சார்ஜ் ஏற்றும் சின்ன விசிறியோடு படுக்கிறோம்.

கழிப்பறைக்கு என்ன செய்வது என்று பெண்கள்தான் முதலில் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். ஆஸ்திரேலியக் கேரவன் பூங்காவில் ஒவ்வொரு வண்டிக்கும் மின்சாரப் பிளக், பொதுக் குளியலறை, சமையல்கூடம், கழிவைக் கொட்டத் தனி இடம் எல்லாம் இருக்கும். கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமனில் பூங்கா திறந்துவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கிலும் ஊர் ஓரமாக, விவசாயிகளுக்கு வருமானம் வரும்படி அப்படி ஒன்று வர வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். அதுவரை, கழிப்பறை உள்ள தோட்டவீட்டைத் தேர்ந்தெடுத்து, அதற்கென்று பணம் கொடுத்துவிடுவதே மரியாதை. வாய்க்கால் கரை பக்கம் ஒருபோதும் போகாதீர்கள். குப்பை மதுரைக்கே திரும்பி வர வேண்டும்.

அந்த வாய்க்காலில் ஓடுவது நம் தண்ணீர். 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. லோயர் கேம்ப்பில் மலைமேலிருந்து இறங்கும் பெரிய குழாய்களில் பாய்ந்து மின்சாரம் தந்து, முல்லைப் பெரியாறாகப் பள்ளத்தாக்கை நனைத்து, வைகையில் கலந்து மதுரைக்கு வருகிறது. கோரிப்பாளையம் பாலத்தில் நின்று வறண்ட ஆற்றையே பார்த்து வளர்ந்த என் பிள்ளைகள், உத்தமபாளையம் பக்கம் இரு கரையும் பச்சையாக அந்த ஆறு ஓடுவதைப் பார்த்து வாய் ஓயாமல் கேள்வி கேட்டார்கள். ஜனவரி 15 பென்னிகுக் பிறந்த நாள். பாலார்பட்டியில் அவருக்காகப் பொங்கல் வைப்பார்கள். பொங்கல் விடுமுறையில் போகிறவர்கள் அதைத் தவறவிடாதீர்கள். ஆற்றில் குளிக்க ஆசைப்பட்டால் உள்ளூர்க்காரர் சொல்லும் துறையில் மட்டும். ஜூன் வாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது வழக்கம். திறக்கிற அளவு கூடினால் கொஞ்ச நேரத்திலேயே மட்டம் ஏறிவிடும்.

பழம் வாங்குவதில் ஒரு நடைமுறை. பல தோட்டங்களில் வெட்டுக்கு முன்பே வியாபாரி விலை பேசி முடித்திருப்பார். அப்போது கொடியில் இருப்பது அவர் பழம். தோட்டக்காரர் பாசத்தில் பறித்துக்கொள்ளச் சொன்னாலும், எடை போட வந்திருக்கும் ஆளிடம் காசு கொடுத்தே வாங்குங்கள். காலை வெயிலுக்கு முன் வெட்டிய கொத்தாகப் பாருங்கள். மேலே வெள்ளையாக மாவு படிந்ததுபோல் இருப்பது பழத்தின் இயற்கைப் பூச்சுதான், அதைத் துடைக்காமல், கழுவாமல், தாழ்வான பெட்டியில் காகிதம் விரித்து ஒரே அடுக்காக வையுங்கள். பன்னீர் திராட்சை சூடு தாங்காது. கிளம்பும்போது கடைசியாக வாங்கி, உசிலம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினால் வண்டியை நிழலில் போட்டு, வீடு வந்ததும் உப்புத் தண்ணீரில் கழுவி இரண்டு நாளில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.