ஃபுட்டேஜை எங்கே வைப்பது?

அன்புள்ள தம்பிக்கு,

ஃபுட்டேஜை நாஸில் (நெட்வொர்க்கில் இணையும் டிஸ்க் பெட்டியில்) போட்டு அதிலிருந்தே எடிட் பண்ணலாமா, இல்லை கம்ப்யூட்டரில் நேராகச் செருகும் எஸ்எஸ்டி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கோப்புகளை ஒரே சமயத்தில் எத்தனை பேர் திறக்கப் போகிறீர்கள்?

நீ ஒருவன்தான் என்றால் எஸ்எஸ்டி, யோசிக்கவே வேண்டாம். யூஎச்டி 4கே அளவில், நொடிக்கு 24 ஃபிரேமில், ப்ரோரெஸ் 422 எச்க்யூ கிளிப் ஒன்று ஓட நொடிக்கு ஏறக்குறைய 88 எம்பி வேண்டும். நாஸிலிருந்து வரும் கிகாபிட் லைன் நன்றாக ஓடினால் 110 எம்பி தரும். ஒரு கேமரா ஓடிவிடும். கல்யாணத்துக்கு இரண்டு கேமரா வைத்து மல்டிகேம் போட்டாயானால், ஸ்பேஸ் பாரைத் தட்டியதும் நாதஸ்வரம் ஒலிக்கும், படம் திக்கித் திக்கி நிற்கும். நாஸுக்குள் நாலு டிஸ்க் இருந்தும் பயனில்லை, குழாயின் வாய் அவ்வளவுதான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500 எம்பி தரும். ஆனால் அதோடு வந்த கேபிளையே போடு. போன் சார்ஜ் செய்யும் டைப்-சி கேபிள் பலவற்றில் யூஎஸ்பி 2 வேகம்தான். 40 எம்பி தேறுவதே பாடு.

இரண்டாவது ஆள் வந்த அன்றே நாஸ் வாங்கிவிடு. ஒரு குறும்படத்துக்கு நானும் இன்னொருவரும் ஒரே ப்ராஜெக்டை ஆளுக்கொரு டிஸ்க்கில் வைத்து வேலை செய்தோம். மூன்றாம் நாள் எது புதியது என்று இருவருக்குமே தெரியவில்லை. அம்மா கதவைத் திறக்கும் காட்சியை நான் வெட்டி வைத்திருந்தேன். அதன்மேல் பழைய கோப்பு ஏறிவிட்டது. இரவு முழுக்க உட்கார்ந்து திரும்ப வெட்டினேன். கதவுக்கு முன்னால் அவள் நிற்கும் அந்த மௌனத்தின் அளவு மட்டும் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

10 கிகாபிட் நெட்வொர்க்குக்குக் கை எட்டாவிட்டால் ஒரிஜினல் நாஸில் இருக்கட்டும், பிராக்ஸியை, அதாவது எடிட்டுக்கான சிறிய நகல்களை, ஆளுக்கொரு எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கேஷ் எப்போதும் உள் டிஸ்க்கில். ரெய்டு இருக்கிறதே என்று பேக்கப்பை மட்டும் விட்டுவிடாதே. ரெய்டு, டிஸ்க் செத்தால் காப்பாற்றும். நீ தவறி அழித்த கோப்பு எல்லா டிஸ்க்கிலும் அந்த நொடியே போய்விடும். இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். நாஸுக்கு யூபிஎஸ் வை, கரண்ட் போகும்போது எழுதிக்கொண்டிருந்த கோப்புதான் முதலில் கெடும்.

வாங்கும் முன் நண்பர் ஒருவரின் நாஸில் சோதித்துப் பார். 10 ஜிபி கோப்பு ஒன்றைக் காப்பி செய். கிகாபிட்டில் ஒன்றரை நிமிஷம் ஆகும். கால் மணி நேரம் ஆனால் நாஸைக் குறை சொல்லாதே, கேபிளை மாற்று. உள்ளே ஒரு கம்பி விட்டுப்போனாலும் லைன் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும்.

அன்புடன்,
அண்ணன்