சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சுட்டுண்ணும் முறை

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் நிலக்கடலை பயிரிடும் அங்கத்தினர்கள், கடலையெண்ணெயைச் சர்க்கரைவள்ளிக்குத் துணையாக்கலாம். கிழங்கைத் தோலுடன் கழுவி ஈரம் துடைத்து, சுவாலையில் இடாது, சாம்பல் பூத்த தணலில் புதைத்து அரைமணிக்கு மேல் பொறுத்திருத்தல் வேண்டும். மெதுவாக வேகுங்கால் மாவு சர்க்கரையாக மாறும்; அவசரப்பட்டாலோ வெளியே கரியும் உள்ளே பச்சையுமே மிஞ்சும். பின் தோலுரித்து, ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு, மிளகு, கறிவேப்பிலை தாளித்துப் புரட்டினால் கேழ்வரகுக் கூழுக்கு ஏற்ற தொடுகறியாகும்.

செம்மஞ்சள் சதையுள்ள கிழங்கில் ஏ வைட்டமினாக மாறும் சத்து மிகுதி, வெள்ளையில் சொற்பமே. அது குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் நேரக்கூடும். கொழுப்பின்றி அச்சத்து உடலில் நன்கு சேராது. ஆதலின் எண்ணெயை மிச்சம் பிடிக்கலாகாது. திருவனந்தபுரத்தில் 1963-ல் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய இரகங்களை வெளியிட்டுள்ளது. சங்கத்தின் மூலம் கொடித்துண்டுகளை வருவித்தல் நன்று. நீரிழிவுடையோர் மட்டும் சுட்டதை விடுத்து, அவித்ததைச் சிறிதளவே உண்க.